மைனர் மேஜர் செவன்த்: கீரவாணி கேட்ட காதுக்கு ஒரு கிடார் பாடம்

டி மைனர், ஈ மைனர், ஏ மைனர் மூன்றையும் தடங்கல் இல்லாமல் பிடிக்க வந்துவிட்டதா? அப்படியானால் மைனர் மேஜர் செவன்த் என்ற கார்டு உங்களுக்கு ஒரே ஒரு ஃபிரெட் தூரத்தில் இருக்கிறது. விரலுக்கு இது கஷ்டமான கார்டு இல்லை. காதுக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் கிடார் கற்க வரும் பிள்ளைகள் முதல் தடவை இதை மீட்டியதும் கையை எடுத்துவிட்டு, குனிந்து ஃபிரெட்டைப் பார்ப்பார்கள். "மாஷே, விரல் மாறிப் போச்சா?" என்று கேட்பார்கள். விரல் மாறவில்லை. அந்தக் கார்டு ஒலிப்பதே அப்படித்தான். வாசித்தது தப்போ என்று தோன்றவைக்கும் அந்த ஒற்றை ஸ்வரத்தை முதலில் தனியாகக் கேட்டுப் பழகிவிட்டால், மிச்சமெல்லாம் ஒரு வாரத்து வேலை.

அந்த ஸ்வரம் காகலி நிஷாதம், அதாவது மேல் ஷட்ஜத்துக்கு ஒரே ஒரு ஃபிரெட் கீழே நிற்கும் நி. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இந்தக் கார்டு பாதி தெரிந்ததுதான். டி மைனரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவை டி, எஃப், ஏ. டி-யை ஷட்ஜமாக வைத்தால் எஃப் சாதாரண காந்தாரம், ஏ பஞ்சமம். இந்த மூன்றோடு கைசிகி நிஷாதமான சி சேர்ந்தால் டி மைனர் செவன்த். அரை ஸ்வரம் ஏற்றி, காகலி நிஷாதமான சி ஷார்ப்பைச் சேர்த்தால் டி மைனர் மேஜர் செவன்த். பெயரில் 'மைனர்' என்பது காந்தாரத்தைச் சொல்கிறது, 'மேஜர்' என்பது நிஷாதத்தைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

கார்டு புத்தகங்களில் இதைப் பல விதமாக எழுதுவார்கள். சின்ன எம் எழுத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மேஜ் 7 என்று இருந்தால் இதுதான். சின்ன எம், பெரிய எம், 7 என்று ஒட்டி எழுதியிருந்தாலும் இதுதான். ஜாஸ் புத்தகங்களில் ஒரு கழித்தல் குறியும் முக்கோணமும் போட்டிருப்பார்கள். அதுவும் இதுவே.

இதன் ஒலி ஏன் நிம்மதியில்லாமல் தொங்குகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கீழே இருக்கும் டி-யை மறைத்துவிட்டு மேலே உள்ள மூன்றை மட்டும் பாருங்கள். எஃப், ஏ, சி ஷார்ப். எஃப்-இலிருந்து ஏ நான்கு ஃபிரெட், ஏ-யிலிருந்து சி ஷார்ப் நான்கு ஃபிரெட், அங்கிருந்து மேல் எஃப்-உம் நான்கு ஃபிரெட். எல்லா இடைவெளியும் சமம் என்பதால் எது தலை, எது வால் என்று காதுக்குப் பிடிபடாது. இந்த மூன்று ஸ்வரக் கூட்டத்துக்கு ஆக்மென்டட் என்று பெயர். அதற்கு அடியில் ஒரு டி-யை நிறுத்தியதும் மைனரின் சோகமும் ஆக்மென்டட்டின் பதற்றமும் சேர்ந்துவிடுகின்றன. துப்பறியும் படங்களில் கதவு மெல்லத் திறக்கும்போது பின்னணியில் இந்த ஒலி வருவது சும்மா இல்லை.

முதலில் சுருதிப் பெட்டி

கிடாரைத் தொடும் முன் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வையுங்கள். இரண்டு கட்டை என்றால் டி. பெட்டி இல்லையென்றால் போனில் ஒரு சுருதி ஆப் போதும். இப்போது ச, சாதாரண காந்தாரம், ப, காகலி நிஷாதம் என்று நிறுத்தி நிறுத்திப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்வரம் சேர்ந்தால் போதும். நிஷாதத்தில் நிற்கும்போது மேல் ஷட்ஜத்துக்குப் போய்விடலாம் என்று தொண்டை இழுக்கும். போகாதீர்கள். அந்த இழுப்பைத்தான் இந்தக் கார்டில் நாம் வாசிக்கப்போகிறோம்.

செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காடு மணி ஐயரையும் தந்த ஜில்லா இது. இங்கே கச்சேரி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஸ்வரஸ்தானம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கிடாருக்குக் கொண்டுவராமல் வெறும் விரல் படம் மட்டும் மனப்பாடம் செய்வது பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

டி மைனரில் தொடங்குங்கள்

பல பாடங்கள் ஏ மைனரில் தொடங்கும். எனக்கு டி மைனர்தான் சரியாகப் படுகிறது. காரணம் கீழே தெரியும். கம்பிகளைத் தடித்த ஆறாவதிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை இடமிருந்து வலமாக எழுதுகிறேன். கோடு போட்ட கம்பியை மீட்டக்கூடாது, 0 என்றால் திறந்த கம்பி, எண் என்றால் அந்த ஃபிரெட்.

டி மைனர்: – – 0 2 3 1
டி மைனர் மேஜர் செவன்த்: – – 0 2 2 1
டி மைனர் செவன்த்: – – 0 2 1 1
டி மைனர் சிக்ஸ்த்: – – 0 2 0 1

நான்கு வரிகளையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். இரண்டாம் கம்பியில் மட்டும் 3, 2, 1, 0 என்று இறங்குகிறது. வேறு எதுவும் அசையவில்லை. டி, சி ஷார்ப், சி, பி என்று ஒரே கம்பியில் ஒரு குரல் படி இறங்குவது அப்படியே காதில் விழும். டி மைனரில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

விரல்கள்: வழக்கமான டி மைனரில் ஆள்காட்டி விரல் முதல் கம்பி முதல் ஃபிரெட்டில், நடுவிரல் மூன்றாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில், மோதிரவிரல் இரண்டாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும். மோதிரவிரலை மட்டும் ஒரு ஃபிரெட் பின்னால் தள்ளுங்கள். கம்பியிலிருந்து முழுசாக எடுக்க வேண்டாம், அழுத்தத்தை விட்டு வழுக்கினால் போதும். நடுவிரலும் மோதிரவிரலும் இப்போது ஒரே ஃபிரெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கம்பியில் ஒட்டி நிற்கும். இதுதான் டி மைனர் மேஜர் செவன்த். புதிதாகப் பிடித்த கார்டு, நகர்ந்தது ஒரு விரல்.

இங்கே ஒரு சின்னத் தடை வரும். மோதிரவிரலின் பக்கவாட்டுச் சதை முதல் கம்பியை உரசி, எஃப் ஒலிக்காமல் செத்துப்போகும். எஃப் போனால் மைனரே போச்சு. சரிபார்க்க, நான்கு கம்பிகளையும் ஒன்றொன்றாக மீட்டுங்கள். முதல் கம்பி மணிபோல ஒலிக்கவில்லை என்றால் மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, விரல் நுனி செங்குத்தாக இறங்கும்படி வையுங்கள். நகம் நீளமாக இருந்தால் இது நடக்காது. இடது கை நகத்தை வெட்டிவிடுங்கள்.

மூன்றாவதான டி மைனர் செவன்த்துக்கு மோதிரவிரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சாய்த்து முதல் இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்துங்கள். நான்காவதில் அதே விரலை மறுபடி நிமிர்த்தினால் இரண்டாம் கம்பி திறந்துகொள்ளும். இந்தச் சாய்த்தல், நிமிர்த்தல் இரண்டும் முதல் நாளில் வராது. வராவிட்டால் முதல் மூன்றை மட்டும் வாசியுங்கள். நான்காவது இடத்தில் சாதாரண ஜி மேஜரை, அதாவது 3 2 0 0 0 3 என்று பிடியுங்கள். அதிலும் இரண்டாம் கம்பி திறந்தே இருக்கிறது. அதனால் டி, சி ஷார்ப், சி, பி என்ற இறக்கம் கெடாமல் அப்படியே தொடரும்.

வலது கைக்கு: பெருவிரல் நான்காம் கம்பி, ஆள்காட்டி மூன்றாம் கம்பி, நடுவிரல் இரண்டாம் கம்பி, மோதிரவிரல் முதல் கம்பி. நான்கு கம்பிக்கு நான்கு விரல், கணக்கு சரி. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு கம்பி என்று மெதுவாக மீட்டுங்கள். தடதடவென்று ஸ்ட்ரம் செய்தால் இரண்டாம் கம்பி மற்றதோடு கலந்து காணாமல் போகும். ஆரம்பத்தில் பிக்கை உறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஈ மைனரும் ஏ மைனரும்

ஈ மைனர் 0 2 2 0 0 0. மேஜர் செவன்த் ஆக்கினால் 0 2 1 0 0 0. செவன்த் 0 2 0 0 0 0. இங்கே இறங்குவது நான்காம் கம்பி. கைக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் மோதிரவிரல். கூடவே ஆள்காட்டி விரலை அதே நான்காம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மோதிரவிரலைத் தூக்கினால் மேஜர் செவன்த், ஆள்காட்டியையும் தூக்கினால் செவன்த்.

ஆனால் ஆறு கம்பியையும் மொத்தமாக மீட்டினால் ஈ மைனர் மேஜர் செவன்த் கரகரவென்று கேட்கும். நான்காம் கம்பியில் டி ஷார்ப், முதல் கம்பியில் திறந்த ஈ. இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்தாயியும் அரை ஸ்வரமும் இருக்கின்றன. நிஷாதத்துக்கு மேலே ஷட்ஜம் வந்து உட்கார்ந்தால் இந்தக் கார்டு எப்போதும் இப்படித்தான் உறுத்தும். முதல் கம்பியை விட்டுவிட்டு மீதி ஐந்தை மட்டும் மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மற்றப் பிடிகளுக்கும் இதே விதிதான்: நிஷாதத்துக்கு மேலே ஷட்ஜம் இல்லாத பிடியே இனிமையான பிடி.

ஏ மைனர் – 0 2 2 1 0. மேஜர் செவன்த் – 0 2 1 1 0. செவன்த் – 0 2 0 1 0. இப்போது இறங்குவது மூன்றாம் கம்பி. வழக்கமான ஏ மைனர் விரலமைப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யப்போனால் மூன்று விரலையும் இடம் மாற்ற வேண்டிவரும், தாளம் விட்டுப்போகும். அதற்குப் பதில் ஏ மைனரையே வேறு விதமாகப் பிடியுங்கள். மோதிரவிரல் நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட், சுண்டுவிரல் மூன்றாம் கம்பி இரண்டாம் ஃபிரெட், நடுவிரல் இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட், ஆள்காட்டி மூன்றாம் கம்பி முதல் ஃபிரெட். நான்கு விரலும் நெருக்கியடித்து நிற்கும், முதலில் வலிக்கும். பழகிவிட்டால் சுண்டுவிரலைத் தூக்கினால் மேஜர் செவன்த், ஆள்காட்டியையும் தூக்கினால் செவன்த். கண் மூடிக்கொண்டு வாசிக்கலாம். இந்தப் பிடியில் நிஷாதத்துக்கு மேலே ஷட்ஜம் கிடையாது, அதனால் ஐந்து கம்பியையும் தாராளமாக மீட்டலாம். மூன்றில் எனக்கு மிகப் பிடித்த ஒலி இதுதான்.

பார் கார்டு

மற்ற சுருதிகளுக்கு இந்த வடிவங்களையே கழுத்தில் நகர்த்த வேண்டும். ஏ மைனர் வடிவத்தை மூன்றாம் ஃபிரெட்டுக்குத் தள்ளினால் சி மைனர் மேஜர் செவன்த்: – 3 5 4 4 3. ஆள்காட்டி விரல் மூன்றாம் ஃபிரெட்டில் குறுக்கே படுக்கும், நடுவிரல் மூன்றாம் கம்பி, மோதிரவிரல் இரண்டாம் கம்பி, சுண்டுவிரல் நான்காம் கம்பி. இதை ஐந்தாம் ஃபிரெட்டுக்குத் தள்ளினால் டி, ஏழாம் ஃபிரெட்டில் ஈ.

ஈ மைனர் வடிவத்தில் ஜி மைனர் மேஜர் செவன்த் 3 5 4 3 3 3. இதிலும் முதல் கம்பி ஷட்ஜம், அதை விட்டுவிடுங்கள். பார் பிடிக்கக் கை வலிக்கிறது என்றால் மூன்றே கம்பி போதும். ஏ-க்கு ஆறாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் நடுவிரல், நான்காம் கம்பி ஆறாம் ஃபிரெட்டில் மோதிரவிரல், மூன்றாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் ஆள்காட்டி. நடுவிரலின் ஓரம் ஐந்தாம் கம்பியைத் தொட்டு அதை ஊமையாக்கட்டும். பஞ்சமம் இல்லை, பரவாயில்லை. ஷட்ஜம், நிஷாதம், காந்தாரம் மூன்றும் இருந்தால் கார்டின் குணம் வந்துவிடும். கூட ஒரு பேஸ் கிடார் இருக்கும் குழுவில் இந்த மூன்று கம்பிப் பிடிதான் சுத்தமாகக் கேட்கும்.

எங்கே வாசிக்கலாம், எங்கே கூடாது

மேடையில் சினிமாப் பாட்டு வாசிப்பதை எங்கள் ஊரில் கானமேளை என்பார்கள், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதுவே லைட் மியூசிக். இரண்டிலும் நான் பார்க்கும் ஒரு பழக்கம், மைனர் பாட்டு என்று தெரிந்ததும் இந்தக் கார்டை அலங்காரமாக எங்காவது செருகுவது. பாடகர் பாடும் ஸ்வரத்தைக் கேட்காமல் இதை வாசிக்கவே கூடாது.

பாட்டு எந்த நிஷாதத்தில் போகிறது என்று முதலில் கேளுங்கள். நடபைரவியிலும் கரஹரப்பிரியாவிலும் இருப்பது கைசிகி நிஷாதம். அந்த ராகச் சாயலில் உள்ள பாட்டில் பாடகர் சி பாடும்போது நீங்கள் சி ஷார்ப் வைத்தால் இரண்டும் இடிக்கும். அங்கே மைனர் செவன்த் போதும். கீரவாணி, கௌரிமனோகரி, சிம்மேந்திரமத்யமம், தர்மவதி ஆகியவற்றில் சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் சேர்ந்து வரும். தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் இந்தச் சேர்க்கை உள்ளவை 12. அங்கெல்லாம் ஷட்ஜத்தின் மேல் கட்டினால் தானாகவே வரும் கார்டு இதுதான். வலிய செருகியது போல ஒலிக்காது.

அடுத்தது, பாடகர் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார் என்பது. காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நின்றால் இந்தக் கார்டு அழகாகச் சேரும். ஷட்ஜத்தில் நின்றால் வேண்டாம். பாடகரின் டி-யும் உங்கள் சி ஷார்ப்பும் உரசும், பாவம் அவருக்குச் சுருதி விலகியதுபோல் தோன்றும். அந்த இடத்தில் வெறும் மைனரைப் பிடியுங்கள். நிஷாதத்திலேயே நின்றால் பேஸைக் கவனியுங்கள். பேஸ் ஷட்ஜத்தில் இருந்தால் டி மைனர் மேஜர் செவன்த். பேஸ் பஞ்சமத்துக்குப் போய்விட்டால் ஏ செவன்த். ஏ செவன்த்திலும் சி ஷார்ப் இருக்கிறது, ஆனால் அது அடுத்து டி மைனருக்குப் போ என்று தள்ளும். நம் கார்டு தள்ளாது, அந்தரத்தில் நிற்கும். எது வேண்டும் என்பதைப் பாட்டின் வரி சொல்லும்.

கச்சேரி பாணியில் பாடுபவர் காகலி நிஷாதத்தை மேல் ஷட்ஜத்தை ஒட்டி அசைத்துப் பாடுவார். கிடாரின் ஃபிரெட் அசையாது. அப்படிப் பாடும்போது கார்டை நீளமாக ஒலிக்கவிடாமல், மீட்டியதும் இடது கை அழுத்தத்தைத் தளர்த்தி நிறுத்திவிடுங்கள். ஸ்வரம் இருந்தது என்று கோடி காட்டினால் போதும்.

மேலே சொன்ன டி, சி ஷார்ப், சி, பி இறக்கம் எந்த ஒரு ராகத்துக்கும் அடங்காது. இரண்டு நிஷாதமும் அதில் வந்துவிடுகின்றன. சினிமாப் பாட்டின் முகப்பிலும் தேவாலயப் பாடகர் குழுவின் மெதுவான பாட்டிலும் அது அருமையாக இருக்கும். சுத்தமான கீரவாணிக்குள் அதை நுழைத்தால் ராகம் தெரிந்தவர் முகம் சுளிப்பார், அவர் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ட்யூனிங்

இந்தக் கார்டில் இரண்டு ஸ்வரங்கள் அரை ஸ்வரக் கணக்கில் உரசிக்கொண்டே இருப்பதால், சாதாரண மைனரில் தெரியாத சுருதிப் பிசகு இதில் பளிச்சென்று தெரியும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றில் கிடார் மரம் காய்ந்து இறுகும். ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை வந்ததும் ஈரம் குடித்து உப்பும். இரண்டு காலத்திலும் காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. வாசிக்க உட்காரும்போதெல்லாம் ட்யூனர் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஜன்னலோரம் மாட்டி வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். சுருதி சேர்த்தும் பிசகினால் கம்பி துருப்பிடித்திருக்கும், மாற்றுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் நீங்கள் முதல் ஃபிரெட்டில் தேவைக்கு மேல் அழுத்திக் கம்பியை இழுக்கிறீர்கள். ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், ஒலி வரும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும்.

அடுத்து என்ன

மூன்று பிடிகளும் கைவந்த பிறகு டி-யில் ஒரு சின்னப் பயிற்சி. சுருதிப் பெட்டி இரண்டு கட்டையில் ஓடட்டும். டி மைனர் மேஜர் செவன்த் நான்கு தட்டு, ஜி மைனர் நான்கு தட்டு, ஏ செவன்த் நான்கு தட்டு, திரும்ப முதல் கார்டு. இது கீரவாணியின் வட்டம். இப்போது ஜி மைனரை எடுத்துவிட்டு ஜி மேஜர் வையுங்கள், தைவதம் ஒரு ஃபிரெட் ஏறி கௌரிமனோகரி ஆகிவிடும். முதல் கார்டு மாறவே இல்லை, ஆனால் அதன் முகம் மாறியிருப்பதைக் கேட்பீர்கள். சிம்மேந்திரமத்யமம் வேண்டுமென்றால் ஜி கார்டுகள் இரண்டையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் மத்யமம் ஜி ஷார்ப். ஏ செவன்த்திலும் ஜி ஒளிந்திருக்கிறது, அதனால் அங்கே செவன்த் இல்லாத வெறும் ஏ மேஜரைத்தான் பிடிக்க வேண்டும். டி மைனர் மேஜர் செவன்த்துக்கும் ஏ மேஜருக்கும் நடுவே மாறி மாறிப் போய்க்கொண்டு, அதன்மேல் ராகத்தை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.